கல் கட்டாத பவளம்

ஜனவரி கடைசி ஞாயிறு. வெளியே மைனஸ் 17. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் நின்று, பிளாஸ்ரிக் பைக்குள் மிதந்த காளான் அளவு சதைத்துண்டு ஒன்றை, உயிருள்ள பவளம் ஒன்றை, ஜக்கெற்றுக்குள் விட்டு, நெஞ்சோடு சேர்த்து, சிப்பை மெல்ல மேலே இழுத்தேன். மற்ற இரண்டு பைகளும் ஸ்ரைரோஃபோம் பெட்டிக்குள், கைச்சூட்டுப் பைக்கற்றுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. விற்றவர் ஒரு பிலிப்பினோ மனிதர், எழுபது வயதிருக்கும். காரைச் சூடாக்கிவிட்டுத்தானே வந்தாய் என்று மூன்று முறை கேட்டார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தாதிகூட ஒரு முறைதான் கேட்டா.

நான் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறேன். விடிய நாலரைக்குப் போய்ப் பின்னேரம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மகள் பள்ளியால் வரும்வரைக்கும் பேஸ்மென்டில் நான் மட்டும்தான். அங்கே ஒரு நாற்பது கலன் தொட்டி இருக்கிறது. 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம். கிஜிஜி விளம்பரத் தளத்தில் ஸ்ராண்டோடு சேர்த்து 220 டொலருக்கு வாங்கியது. மகளுக்கு நீமோ (படத்தில் வரும் கோமாளி மீன்) வேண்டும் என்பது வீட்டில் சொன்ன காரணம். என்னுடைய காரணத்தைச் சொன்னால் மனிசி சிரிப்பா என்று சொல்லவில்லை.

நான் பிறந்தது நெடுந்தீவு. அங்கே வேலி என்றால் கல்வேலிதான். கிடுகும் இல்லை, கதியாலும் இல்லை, சீமெந்தும் இல்லை. முருகைக்கல்லை, அதாவது பவளம் கட்டிய கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆடு பாயும், சோளகம் அடிக்கும், வேலி அப்படியே நிற்கும். எங்கள் வளவு வேலியில் படலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் நெருக்கமாக நட்சத்திரக் குழிகள் இருந்தன. அதற்கு மேலே இருந்த கல்லில் வாய்க்கால்கள், வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்று போகும். சின்ன வயதில் சுட்டுவிரலை அந்த வாய்க்காலில் வைத்து ஓட்டிக்கொண்டே போவேன், முடிகிற இடம் அகப்படாது. முழங்கால் உராய்ந்தால் தோல் போய்விடும். பழைய கோட்டைச் சுவரும் அதே கல்தான். அதெல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறேன்தான். படித்தது ஒரு பக்கம், வேலி ஒரு பக்கம்.

ஸ்காபரோவில் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடையில் நாய்க்கு உணவு வாங்கப் போனபோது (நாய் பக்கத்து வீட்டாருடையது, அது வேறு கதை) மூலைத் தொட்டியில் நீல லைற்றுக்குக் கீழே அந்த வாய்க்கால் கல் இருந்தது. பச்சையாக, தசையோடு. வாய்க்காலின் இரண்டு கரையும் மெல்ல வீங்கியிருந்தன. விலை 180 டொலர். கையளவு கல். எங்கள் வேலியை இந்த விலைக்கு விற்றால் ஊரில் எல்லோரும் கோடீஸ்வரர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொட்டியைச் செப்ரெம்பர் முதல் கிழமையில் தொடங்கினேன். ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலந்திருக்கிறது. வெறும் குளோரீன் என்றால் வாளியில் ஒருநாள் வைத்தால் பறந்துவிடும். இது அப்படிப் பறக்காது, கரி வடிகட்டி வேண்டும். அதனால் சலவை அறையில் கரி வடிகட்டியும் சேர்ந்த ஆர்ஓ வடிகட்டி ஒன்றைப் பூட்டினேன். அதில் வரும் தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடலுப்பைக் கலந்து, ஆயிரத்துக்கு 35 பங்கு வரும்வரைக்கும் அளந்து ஊற்ற வேண்டும். மீனுக்கு நஞ்சான அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்ரீரியா குடியேற ஐந்து கிழமை. பிறகு இரண்டு கோமாளி மீன்கள். நவம்பர் முழுக்கக் கல்லும் மணலும் கபில நிறத் தூள் படிந்து, தேத்தண்ணி கொட்டியது போலக் கிடந்தன. அது எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானாகப் போகும். இதற்குமேல் இந்த ஐந்து மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காத்திருந்தேன்.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே தொட்டியில் பவளம் வளர்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். வடிகட்டி கிடையாது. அவர் இருந்தது பவளம் விளையும் கடல் சூழ்ந்த நாட்டில். எனக்குக் கிட்ட இருப்பது ஒன்ராறியோ ஏரி. அது நல்ல தண்ணி.

ஏஜக்ஸ் மனிதரிடம் நான் முதலில் கேட்டது அந்த வாய்க்கால் பவளத்தைத்தான். தன்னிடம் இருக்கிறது, ஆனால் எனக்குத் தரமாட்டேன் என்றார். ஐந்து மாதத் தொட்டிக்கு அது கூடாதாம். கல் கட்டுகிற பவளம் தண்ணீரிலிருந்து கல்சியத்தையும் காரத்தையும் எடுத்துக்கொண்டே இருக்கும், குறைகிற அளவை அறிந்து நிரப்பப் பழகாதவன் அதை வாங்கக்கூடாது என்றார். கல் கட்டாத சாதிகளைத்தான் முதலில் வைக்க வேண்டுமாம். அப்படித்தான் எனக்கு மூன்று கிடைத்தன. 40 டொலருக்கு ஒரு லெதர் கோரல், குடைக்காளான் வடிவம். 20 டொலருக்கு ஒரு கல்லில் இரண்டு சிவப்பு மஷ்ரூம். கிரீன் ஸ்டார் பொலிப் ஒரு துண்டு இலவசம். ஏன் இலவசம் என்று கேட்கவில்லை. ஏப்ரலில் தெரிந்துவிட்டது, சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து பைகளை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டேன், வெப்பம் சமப்படுவதற்கு. பிறகு ஒரு சட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பூச்சி போக்கும் மருந்தில் அளவாக விட்டு, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் அதற்குள் வைத்து ஆட்டினேன். மஷ்ரூம் கல்லிலிருந்து நூல் போல ஒரு புழு நெளிந்துகொண்டு வெளியே வந்தது. மகள் வீடியோ எடுத்தாள். மருந்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, சிங்கில் ஊற்ற வேண்டும். இதை எழுதுவதற்குக் காரணம், என் கை தொட்டிப் பக்கம் போய், மகள் "அப்பா!" என்று கத்தி நிறுத்தியதுதான்.

லைற்றை 35 சதவீதத்துக்குக் குறைத்தேன். இந்த உயிர்களின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது, பெரும்பங்குச் சாப்பாடு அதுதான். திடீரென்று வெளிச்சம் கூடினால் பாசியையே வெளியே தள்ளிவிடும். கடலில் தண்ணீர் சூடாகும்போது நடப்பதும் அதுதான், பவளம் வெளுத்தது என்று செய்தியில் சொல்வார்கள். அதனால் கீழே, மணலுக்குக் கிட்ட வைத்து, வெளிச்சத்தைக் கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

அன்றிரவு அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் காட்டினேன். அம்மா இப்போது யாழ்ப்பாணத்தில் தங்கச்சியோடு இருக்கிறா.

"என்ன மோனை உது?"

"முருகை அம்மா. உயிரோடை இருக்கு."

"கல்லைக் காசு குடுத்தே வாங்கினனீ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"உதிலை கல்லு எங்கை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றிலும் கல் இல்லைதான்.

மறுநாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கீழே இறங்கினேன். மஷ்ரூம் இரண்டும் கழுவித் துடைத்த சோடா மூடி மாதிரி இருந்தவை, இப்போது ஓரம் தொங்கும்படி விரிந்திருந்தன. சிவப்புக்குள் வெளிர்நீலப் புள்ளிகள். நடுவில் ஒரு வாய், ஊசிமுனையால் குத்தியது போல. கிரீன் ஸ்டார் பொலிப் வரும்போது ஊதாநிற றப்பர்த் துண்டு மாதிரித்தான் இருந்தது. நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கவே அந்த றப்பரின் துளைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சைத் தலைகள் வந்தன. ஒவ்வொரு தலைக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கைக்கும் இரண்டு பக்கமும் தும்பு. மீன் ஒன்று வாலை அடித்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் மட்டும் எல்லாம் உள்ளே போய், திரும்ப வெளியே வந்தன. நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

லெதர் மட்டும் திறக்கவில்லை. மொட்டைத் தலையாக நின்றது.

இனி நான் செய்த முட்டாள்தனம். முதல் நாள் மணலில் வைத்த லெதரை மூன்றாம் நாள் ஒரு கல்லின்மேல் ஏற்றினேன், வெளிச்சம் போதவில்லையோ என்று. ஐந்தாம் நாள் பம்புக்கு எதிரே வைத்தேன், நீரோட்டம் போதவில்லையோ என்று. ஏழாம் நாள் ரெஸ்ற் கிற்றை எடுத்து அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் இருக்கும் அந்தக் காரத்தின் அளவை, அளந்தேன். 7.6. இன்ரநெற்றில் எல்லோரும் எட்டரை, ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். பிடித்துவிட்டேன் நோயை என்று நினைத்தேன். மருந்து அப்பச்சோடாதான், கடையில் கிடைக்கிற சாதாரண அப்பச்சோடா. ஒரு தேக்கரண்டி போதும் என்று கணக்கும் பார்த்தாயிற்று. குசினிக்குப் போய், இலாச்சியைத் திறந்து, கையில் அகப்பட்ட கரண்டியால் குவியாமல் ஒரு கரண்டி அள்ளி, தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

அது மேசைக்கரண்டி. தேக்கரண்டியைப் போல மூன்று மடங்கு.

பின்னேரம் அளந்தால் 11.2. மஷ்ரூம்கள் இரண்டும் சுருங்கிக் காய்ந்த திராட்சைப்பழம் மாதிரி. பச்சைத் தலைகள் ஒன்றும் இல்லை, ஊதா றப்பர் மட்டும். லெதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மீன்கள் இரண்டும் ஒன்றும் நடக்காதது போலச் சாப்பாட்டுக்கு வந்து நின்றன.

ஏஜக்ஸ் மனிதருக்குப் படம் அனுப்பினேன். என்னென்ன செய்தாய் என்று கேட்டார். ஒளிக்காமல் எல்லாம் எழுதினேன். பதில் வர அரைமணி எடுத்தது. கடலிலேயே அந்த அளவு ஏழுக்குக் கிட்டத்தான், உன் 7.6இல் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த வரி: நீ ஊற்றியது கல் கட்டுவதற்கான சாமான், உன்னிடம் கல் கட்டுகிற ஒன்றுகூட இல்லையே.

அம்மா கேட்ட அதே கேள்வி.

லெதரின் தசைக்குள்ளும் மணல் மாதிரிச் சுண்ணாம்புத் துகள்கள் உண்டுதான், ஆனால் அதற்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். கிழமைக்கு ஐந்து கலன் தண்ணீர் மாற்றினாலே போதும், அந்தப் புது உப்பில் இருப்பதே மிச்சம். என்ன செய்து இதைத் திரும்ப இறக்குவது என்று கேட்டேன். ஒன்றும் செய்யாதே என்றார். தண்ணீர் மாற்று, ஆவியாகிப் போகிறதை நிரப்பு, அதற்குமேல் கையை வைக்காதே. இரண்டு கிழமைக்குப் பிறகு எனக்கு எழுது.

பஸ் ஓட்டுகிறவனுக்குச் சும்மா இருப்பது கடுமையான வேலை. கிழமைக்கு ஒருமுறை மாற்றிய உப்புத் தண்ணீரைத் தவிர, அந்த இரண்டு கிழமையும் நான் தொட்டிக்குள் விட்டது, ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும். குளிர்காலத்தில் வீட்டு ஹீற்றிங் காற்றைக் காயவைத்துவிடும், ஒரு நாளைக்கு மூன்று லீற்றருக்குக் கிட்டப் போகும். ஆவியில் உப்புப் போகாது, அதனால் நிரப்புவதும் உப்பில்லாத தண்ணீராக இருக்க வேண்டும். இதைப் புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் ஒரு முறையாவது பிழைவிடுவார்களாம். நான் விடவில்லை. அந்த ஒன்றையாவது சொல்லிக்கொள்ளலாம்.

நாலாம் நாள் பச்சைத் தலைகள் வந்தன. ஆறாம் நாள் மஷ்ரூம். லெதர் ஒன்பதாம் நாள்வரைக்கும் மொட்டையாகத்தான் நின்றது. மேலே மெழுகு பூசியது போல ஒரு மினுக்கம், அதன்மேல் தூசிகூட ஒட்டியிருந்தது. செத்துவிட்டது என்று மனிசியிடம் சொன்னேன். "மணக்குதோ?" என்று கேட்டா. இல்லை. "அப்ப சாகேல்லை. மீன் செத்தாலும் மணக்கும், இறால் செத்தாலும் மணக்கும்" என்றுவிட்டுப் போய்விட்டா. நான் வாசித்த எதிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

பத்தாம் நாள் பின்னேரம் அந்த மெழுகுத் தோல் ஒரு ஓரத்தில் கிளம்பி, நீரோட்டத்தில் பொலித்தீன் மாதிரிப் படபடத்துக்கொண்டிருந்தது. லெதர் இப்படித்தான் இடைக்கிடை தோலைக் கழற்றும், பாசியும் அழுக்கும் அதோடு போய்விடும். நல்ல நீரோட்டம் பட்டால் கெதியாகக் கழலும். இழுத்துவிடலாமா என்று கை வந்தது. கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்தநாள் தோலைக் காணவில்லை. தலை முழுக்கப் பால்நிறத்தில் பொலிப்புகள் எனப்படும் குட்டித் தலைகள், வெட்டின புல் மாதிரி ஒரே உயரத்துக்கு, நீரோட்டத்தில் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பின. பிறகு கோமாளி மீன் ஒன்று அதுதான் தன் வீடு என்று முடிவெடுத்து உள்ளே படுத்துப் புரண்டதில் லெதர் இன்னும் இரண்டு நாள் மூடியது. அதற்கு நான் பொறுப்பில்லை.

மார்ச்சில் ஒரு கடையில் தள்ளுபடி போட்டிருந்தார்கள். ஸோவாந்திட் என்ற, கல் கட்டாத இன்னொரு சாதியில் ஒரு ஃப்ராக், அதாவது வெட்டிய துண்டு, ஏழு தலை, 25 டொலர். நடுவில் செம்மஞ்சள், சுற்றிவரப் பச்சை. மகள் தன் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி போட்டு, 7 என்று எழுதினாள். மருந்தில் முக்கினேன், வடிவாகப் பார்த்தேன், வைத்தேன். நாலு நாள் கழித்து அந்த ஃப்ராக் ஒட்டியிருந்த சீமெந்துத் தட்டின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னச் செடி ஆடியது. கபில நிறம், நீட்டு விரல்கள். வடிவாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஐப்டேசியா என்ற கடல் அனிமனி. பவளத் தொட்டிக்கு அது களை. பக்கத்தில் இருக்கிற பவளத்தைக் கொட்டிச் சாகடித்துவிடும், மருந்துக்கும் சாகாது.

திருப்புளியை எடுத்து நசுக்கினேன். அதைத்தான் செய்யவே கூடாதாம். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது புதிதாக ஒன்றாகிவிடும். மூன்று கிழமையில் பதினான்கு எண்ணினேன். பிறகு பெப்பர்மின்ற் இறால் இரண்டு வாங்கிவிட்டேன். பகலில் கல்லுக்குப் பின்னால் ஒளித்திருக்கும், இரவில் ஒவ்வொன்றாகத் தின்றன. இப்போது மீனுக்குப் போடுகிற சாப்பாட்டையும் கையால் பறித்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தத் தட்டோடு சேர்த்து வைக்காமல், ஸோவாவை மட்டும் கழற்றி வேறு கல்லில் பசையால் ஒட்டியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கடைக்காரரிடம் சொன்னேன், இயற்கை என்றார்.

ஸோவாவைக் கழற்றுவது, வெட்டுவது பற்றி ஒன்றைப் பகிடி இல்லாமல் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்வைக்குத் தெரியாது. 2018இல் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்யப்போய்க் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள், ஆவியில் வந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தொட்டிக்குள் கைவிடுவது பெரியவர்கள் மட்டும் என்று சட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். மகள் அந்தச் சட்டத்தை என்னைவிட நன்றாகக் காப்பாற்றுகிறாள்.

கிரீன் ஸ்டார் பொலிப் இலவசம் என்று சொன்னேனே. நல்ல காலம், அவர் சொன்னபடி மணலின் நடுவே தனிக் கல்லில் வைத்தேன். ஏப்ரலில் கல் முழுவதும் மூடி, வேறு போக இடமில்லாமல் மணல்மேல் ஊதாக் கம்பளம் விரிக்கத் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை சவரக்கத்தியால் ஓரத்தைச் சீவி எடுக்கிறேன். சீவின துண்டுகளை நானும் ஆட்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். வாங்கினவர்கள் எல்லோருக்கும் அப்போது சந்தோசம்.

கல் கட்டுகிற ஒன்றை இன்னும் வாங்கவில்லை. நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அல்கலினிட்டியை அளந்து எழுதி வருகிறேன், 8.1, 8.0, 8.2, 8.0. ஒன்றும் ஊற்றாமல். ஏஜக்ஸ் மனிதரிடம் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். செப்ரெம்பரில் வா என்றார். வாய்க்கால் போட்டதில் ஒரு துண்டு உடைத்துத் தருவாராம், ஒரு டொலர்க் காசு அளவு. அம்மாவிடம் சொன்னேன். "படலைக்குப் பக்கத்திலை இருந்த கல்லு மாதிரியோ?" என்று கேட்டா. அந்தக் கல்லை அம்மாவும் கவனித்திருக்கிறா என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

ஸோவா இப்போது மகளின் கொப்பியில் 11. நான் 12 என்கிறேன். செம்மஞ்சள் தலை ஒன்றின் அடியில் கடுகளவில் ஒன்று வந்திருக்கிறது, உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டியும் விட்டேன். வாய் திறந்தால்தான் கணக்கு என்கிறாள். நேற்றிரவு லைற் அணையும்வரைக்கும் இரண்டு பேரும் கீழேதான் இருந்தோம். திறக்கவில்லை.